தாத்தா விட்டுப்போன துப்பாக்கி
கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தாத்தா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கியைச் சீர்செய்வதா, கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவதா என்று கேட்டார். கட்டை உளுத்துவிட்டது, விசை இறுகிவிட்டது. அதைச் சுட்டே பல வருஷம் ஆகிறதாம். குழலுக்குள் துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். சுடுகிறவரின் கையும் கண்ணும் போய்விடலாம். குழல் நன்றாக இருந்தால், உரிமம் பெற்ற கடையில் கொடுத்துக் கட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், தாத்தாவின் நினைவாக. புதிது வாங்குவது மட்டும் வீண் என்பேன். 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்கு 1991-ல் வந்த திருத்தத்தோடு வேட்டை முடிந்தது. மிச்சமிருந்த ஒரே காரணம் காட்டுப்பன்றி. ஒரே ராத்திரியில் வாழைக்கன்றுகளை வேரோடு கிளறிப் போட்டிருப்பதை விடியற்காலையில் பார்க்கிற விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். ஆனாலும் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைக்கூடச் சுட வேண்டியது வனத்துறைதான், தோட்டக்காரர் அல்ல. மேகமலை அடிவாரத் தோட்டங்கள் பலவற்றுக்குக் காடு அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது, உரிமத்தைப் புதுப்பிக்க அலைவது என்று செலவுதான் மிஞ்சும். அந்தப் பணத்தை அனுமதி வாங்கிச் சூரியமின் வேலிக்குப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.