கார்டை பீரோவில் பூட்டாதீங்க, அப்பாமார்களே!

சனிக்கிழமை சாயங்காலம். திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டேஷனரி கடை. ஆபீஸ் விட்டு வந்த அப்பா. பக்கத்தில் எட்டு வயசுப் பையன். கிரிக்கெட் கார்டு பாக்கெட் இரண்டு வாங்கியாகிவிட்டது. பையனுக்குப் பொறுமை இல்லை. கடை வாசலிலேயே பிரிக்கப் போனான்.

"டேய், கை வைக்காதே! ஓரம் மடங்கிடும்!"

பாக்கெட் அப்பாவின் சட்டைப் பைக்குள் போனது. வீட்டுக்குப் போனால் பிளாஸ்டிக் உறை, ஆல்பம், பீரோ, சாவி. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பார்க்கலாம். பார்க்க மட்டும்தான், தொடக் கூடாது!

கார்டு சேர்ப்பது யார்? பையனா, அப்பாவா?

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "இவனுக்காகத்தான் சார் சேர்த்து வைக்கிறேன். இவன் காலேஜ் போறப்போ இதெல்லாம் என்ன விலைக்குப் போகும் தெரியுமா?"

பபிள் கம் காலம்

இந்த அப்பாவும் ஒரு காலத்தில் அரை டிராயர் போட்டுக்கொண்டு திரிந்தவர்தான். 1987-ல் உலகக் கோப்பை இந்தியாவுக்கு வந்தது. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் ஒரே ஒரு ரன்னில் இந்தியா தோற்று, ஊரே சாப்பிடாமல் படுத்த வருஷம். அப்போது பபிள் கம் வாங்கினால் கிரிக்கெட் படம் கிடைக்கும். பல் போனாலும் பரவாயில்லை என்று மென்று தள்ளினார்கள்.

பிறகு மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு வந்தது. கையில் யோகோசுனா வந்தால் 'வெயிட்' என்று கத்த வேண்டும். ஜெயன்ட் கொன்சாலஸ் வந்தால் 'ஹைட்'. எதைச் சொன்னால் ஜெயிக்கலாம் என்பது நாலாம் கிளாஸ் பையனுக்கு அத்துப்படி. வாய்ப்பாடு வராத பையன்கூட இதில் ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்ல மாட்டான்!

அந்தக் கார்டெல்லாம் எங்கே? மூலை மழுங்கி, நடுவில் கிழிந்து, பாதி எதிர்வீட்டுப் பையனிடம் தோற்றுப் போய், மிச்சம் ஷூ டப்பாவோடு பழைய பேப்பர்காரனுக்குப் போனது. போட்டவர் அம்மா. இன்றைக்கும் அந்த அப்பாவுக்கு அந்த வருத்தம் தீரவில்லை. பீரோவும் சாவியும் அந்த வருத்தத்தில் வந்தவைதான்.

ஆனால் ஒன்றை அவர் மறந்துவிட்டார். அந்தக் கார்டுகள் இன்னும் மனசில் நிற்பது எதனால்? விளையாடினதால்!

100 கோடி ரூபாய் கார்டு

விலைக் கணக்குக்கே வருவோம். அமெரிக்காவில் பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டில் படம் போட்ட 1952-ம் வருஷக் கார்டு ஒன்று 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நம்ம பணத்தில் சுமார் 100 கோடி ரூபாய்! கேட்டால் தலை சுற்றத்தான் செய்யும்.

ஏன் அந்த விலை? நல்ல நிலையில் உள்ளது அபூர்வம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதை வைத்து ஆடினார்கள், சைக்கிள் சக்கரத்தில் சொருகினார்கள், தொலைத்தார்கள். விற்காமல் தேங்கிய பெட்டிகளைக் கம்பெனியே 1960 வாக்கில் கடலில் கொண்டுபோய்க் கொட்டியது.

இந்த விலையெல்லாம் காதில் விழுந்ததும் 1980-களின் கடைசியில் அங்கே அப்பாமார்கள் கிளம்பினார்கள். பிள்ளை படிப்புக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கி, உறைகூடப் பிரிக்காமல் பரணில் ஏற்றினார்கள். கம்பெனிகளும் அச்சடித்துத் தள்ளின. எல்லார் வீட்டிலும் பத்திரமாக இருந்தால் எவன் வாங்குவான்? அந்தக் காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலானவை இன்று சல்லிசாகக் கிடைக்கின்றன. படிப்புக்கும் ஆகவில்லை, பிள்ளை ஆடவும் இல்லை.

பண்டமாற்று

இன்னொரு கூத்தும் நடக்கிறது. பையன் பளபளக்கும் கார்டைக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் சாதாரணக் கார்டு ஒன்றை வாங்கி வருகிறான். ஏனென்றால் அது அஸ்வின்! அவனுக்குப் பிடித்த ஆள். அவன் கணக்கில் லாபம்தான். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "தெரியாம மாத்திட்டான், திருப்பிக் கொடுங்க" என்று நிற்கிறார். மறுநாளிலிருந்து அந்தப் பையன் இவனோடு ஆட வருவதில்லை. கார்டு திரும்பி வந்தது, கூட்டாளி போனான். இது எந்த ஊர் லாபம்?

தட்ட வேண்டிய இடம் வேறு. பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. பிரித்தால் அதே முகம் நாலாவது தடவை. 'இன்னொண்ணு' என்று பிள்ளை கெஞ்சும். லாட்டரிச் சீட்டு வாங்கினவர்களுக்கு இந்த அரிப்பு தெரியும். வாரம் ஒரு பாக்கெட், அதுவும் உண்டியல் காசில் என்று சொன்னால் பிள்ளை கேட்கும். கடைக்காரர்களும் கொஞ்சம் பார்த்துக் கொடுக்கலாம். பத்து வயசுப் பையன் ஐந்நூறு ரூபாய் நோட்டோடு வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் வியாபாரம் ஒன்றும் கெட்டுவிடாது.

பெரம்பூரில் ஒரு வீடு

பெரம்பூரில் ஒரு கிளார்க் வீட்டில் வேறு மாதிரி. கார்டுகள் ரப்பர் பேண்ட் போட்டு டி.வி. பக்கத்தில் கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பவர் கட் ஆனால் அப்பாவும் மகளும் தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

2025 நவம்பர் 2-ந் தேதி, நம் பெண்கள் அணி தென் ஆப்பிரிக்காவை ஜெயித்து உலகக் கோப்பையைத் தூக்கியது. மறுநாள் மகள் கார்டு கட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டாளாம்: "இதுல ஒரு பொண்ணுகூட இல்லையேப்பா?"

அப்பாவிடம் பதில் இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து அளவாக வெட்டிக் கொடுத்தார். பேப்பரில் வந்த படங்களை மகள் கத்தரித்து ஒட்டினாள். மேட்ச், ரன், விக்கெட் எல்லாம் ஸ்கெட்ச் பேனாவில் எழுதினாள். மித்தாலி ராஜ், ஹர்மன்பிரீத், ஜூலன் கோஸ்வாமி என்று வரிசையாகச் சேர்ந்தார்கள். பின்பக்கம் திருப்பினால் யாரோ ஒருத்தருடைய முகூர்த்த நேரம்!

அன்றைக்கு ராத்திரியே ஆட்டம். அப்பா கையில் கபில்தேவ். சிறுவயதிலிருந்து அவருக்குக் கடவுள் மாதிரி. ஒரு நாள் போட்டியில் 253 விக்கெட். இனி நம்மை யார் அசைப்பது என்று சாய்ந்து உட்கார்ந்தார். முறை மகளுடையது.

"விக்கெட்!" என்று கத்தினாள். "ஜூலன் கோஸ்வாமி, 255!"

அப்பா இரண்டு தடவை எண்ணைப் பார்த்தார். பேப்பரில் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. கபில்தேவ் மகள் கட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவரை மீட்பதற்காக அப்பா இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்.