எடுக்க ஆளில்லாத எண் எதற்கு?

தற்கொலைச் செய்திகளின் அடியில் நாளிதழ்கள் இரண்டு எண்களை அச்சிடுகின்றன. ஒன்று தமிழக அரசின் 104. மற்றது சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘ஸ்நேகா’வின் எண், ஊர்க்குறியீட்டோடு சேர்த்து எழுதினால் ஒரு வரி பிடிக்கும். 1986 முதல் இதே வேலையைச் செய்துவரும் அமைப்புக்கு மனதில் நிற்கிற மாதிரி நான்கு இலக்கம் கிடைக்கவில்லை. இனிமேலும் கிடைக்காது போலிருக்கிறது. 2025 பிப்ரவரியில் தேசிய எண் திட்டத்தைத் திருத்தச் சொன்ன தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையமான டிராய், 1-ல் தொடங்கும் குறுகிய எண்கள் அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான், அதுவும் இலவசமாக என்று பரிந்துரைத்தது. தொலைத்தொடர்புத் துறை ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டது. தணிக்கை சரி. கொடுத்த கையே கணக்குப் பார்க்குமா என்பதுதான் சந்தேகம்.

100 முதல் 199 வரை மூன்றிலக்க எண்கள் நூறே நூறு. அதில் ஒன்றை முழுதாகக் கொடுத்துவிட்டால், அதை முன்னால் வைத்து நான்கிலக்க, ஐந்திலக்க எண்களைத் திறக்க முடியாது. 144-ஐ யாருக்கும் கொடுக்காமல் வைத்ததால்தான் 14400 முதல் 14499 வரை நூறு எண்கள் பிறந்தன. இது புறம்போக்கு நிலம் மாதிரி: அளவு கூடாது, கேட்பவர்கள் கூடிக்கொண்டே போவார்கள். அதை இலவசம் என்று அறிவித்தால் எந்தத் துறைதான் விட்டுவைக்கும்? திட்டம் அறிவிக்கும் மேடையிலேயே ஓர் உதவி எண்ணையும் அறிவிப்பது சம்பிரதாயமாகிவிட்டது.

விளைவைப் பாருங்கள். 14417 என்பது தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி மையம், 2018-ல் வந்தது. 14416 என்பது மத்திய அரசின் ‘டெலி மானஸ்’, மனநல உதவிக்கு, 2022-ல் வந்தது. தேர்வு முடிவு வந்த அன்று இரவு கை நடுங்கும் பிள்ளைக்கு இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் இலக்கம். இதைத் திட்டமிட்டவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களா? இணைய மோசடிப் புகாருக்கு 2021-ல் 155260 என்று ஆறு இலக்கம் கொடுத்தார்கள். பணத்தைப் பறிகொடுத்த பதற்றத்தில் அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? மறு ஆண்டே 1930 ஆனது. மின்தடைக்கு 1912 இருக்கும்போதே தமிழக மின்வாரியம் 2021-ல் ‘மின்னகம்’ தொடங்கி 94987 94987 என்ற பத்திலக்க எண்ணைப் பரப்பியது. அரசு நிறுவனமே குறுகிய எண்ணை நம்பி இருக்கவில்லை! 2008-ல் தமிழகத்துக்கு வந்த ஆம்புலன்ஸ் எண் 108-ஐ மட்டும் பாட்டிகள்கூடச் சொல்கிறார்கள். காரணம் இலக்கம் அல்ல, வாசலில் வந்து நிற்கும் வண்டி.

அரசிடம் இருந்தால்தான் பொறுப்பு இருக்கும் என்று வாதிடுபவர்கள் இரவு பதினோரு மணிக்கு எந்த உதவி எண்ணையும் அழைத்துப் பார்க்காதவர்கள். இன்று நாடறிந்த குழந்தைகள் உதவி எண் 1098, எந்த அமைச்சரவைக் கூட்டத்திலும் உதித்ததல்ல. 1996-ல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் தெருக் குழந்தைகளுக்காகச் செய்த களப்பணி அது. 2023-ல் அது முழுதாக அரசின் கைக்குப் போய், பொது அவசர எண்ணான 112-உடன் இணைக்கப்பட்டது. டிராயின் பரிந்துரை அன்றே விதியாக இருந்திருந்தால், அந்தச் சமூகப் பணியாளர்கள் எந்தக் கதவைத் தட்டியிருப்பார்கள்?

சந்தைக்கு விடச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் தொலைபேசி எண் விசாரிக்க 192 என்று ஓர் எண் இருந்தது. 2003-ல் அதை மூடி, 118-ல் தொடங்கும் ஆறிலக்க எண்களை நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். போட்டி வந்தால் விலை இறங்கும் என்பது கணக்கு. மீசை வைத்த இரண்டு ஓட்டக்காரர்கள் தொலைக்காட்சி விளம்பரத்தில் ஓடினார்கள். 118 118 எல்லோர் வாயிலும் நின்றது. விலையோ ஏறியது. ஒரு விசாரிப்புக்குச் சில பவுண்டுகள் என்று போய், கடைசியில் 2019-ல் ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் 90 விநாடிக்கு 3.65 பவுண்டு என்று உச்சவரம்பு போட வேண்டியிருந்தது. பதினாறு ஆண்டு விளம்பரத்தின் பலன், எண்ணை மறந்துவிடாதீர்கள் என்பதற்குச் சந்தாதாரரே கட்டிய கட்டணம். சந்தைக்காரர்களிடம் இதற்குப் பதில் கிடையாது.

ஆகவே அரசுக்கு மட்டும் என்பதும் வேண்டாம், ஏலமும் வேண்டாம். இந்த எண்களை வைத்திருக்கும் ஒவ்வொரு அமைப்பும் எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை எடுத்தோம், எத்தனை மணியடித்தே ஓய்ந்தது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடட்டும். பத்தில் ஒன்பதை எடுக்காத எண், அது எந்த அமைச்சகத்தினுடையதாக இருந்தாலும், மறு மாதமே பறிக்கப்பட வேண்டும். பறித்ததை எடுக்கத் தயாராக இருக்கும் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். பறிமுதல் டெல்லியில் தொடங்கட்டும். மாநிலங்கள் தாமாகவே போனை எடுக்கத் தொடங்கிவிடும்.