ஒரே முகத்தில் இரண்டு ராஜா

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'உத்தமபுத்திரன்' (1940) பற்றி இரண்டு விதமான பேச்சுதான் காதில் விழுகிறது. பி. யு. சின்னப்பாவின் இரட்டை வேஷத்தையும் வாள் சண்டையையும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறவர்கள் ஒரு கட்சி. 'எல்லாம் வெள்ளைக்காரனிடம் திருடியது' என்று மூக்கைச் சுளித்துவிட்டு ஐரோப்பியப் படங்களைப் பற்றிப் பேசப் போய்விடுகிறவர்கள் மறு கட்சி. பெரும்பாலும் நம் சிற்றேட்டு நண்பர்கள். இரண்டு கட்சியும் படத்தின் கதையைப் பற்றி யோசித்ததில்லை என்பது என் குற்றச்சாட்டு.

திருட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கதை அலெக்ஸாந்தர் டூமாவுடையது. 1847 முதல் 1850 வரை தொடராக வந்த ஒரு பெரிய நாவலின் கடைசிப் பகுதி. கடன் வாங்குவதில் இழிவு ஏதுமில்லை. கம்பன் வாங்கினான், ஷேக்ஸ்பியர் வாங்கினான். எதை வாங்கினோம், எதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம் என்பதுதான் கேள்வி.

டூமாவின் நாவலில் ஆள்மாறாட்டம் தோற்றுப்போகிறது. பதினான்காம் லூயியைச் சிறையில் தள்ளி, அவனுடைய இரட்டைச் சகோதரன் பிலிப்பைச் சிம்மாசனத்தில் உட்கார வைக்கிறான் அராமிஸ். நிதி மந்திரி ஃபூக்கேயோ, தன்னை ஒழிக்கக் காத்திருக்கும் லூயியையே போய் விடுவிக்கிறான். ஒரு பாவமும் அறியாத பிலிப் இரும்பு முகமூடியோடு தீவுச் சிறைக்குப் போகிறான். சாகசக் கதைதான், ஆனால் ராஜ்யம் என்பது ஒருவனுடைய நல்ல குணத்துக்கு மசிகிற வஸ்து அல்ல என்ற கசப்பை அது மறைக்கவில்லை. 1939இல் ஜேம்ஸ் வேல் எடுத்த ஹாலிவுட் படம் இதைத் தலைகீழாக்கியது. கெட்ட லூயி ஒழிந்தான். நல்ல பிலிப் ராஜாவானான். அடுத்த வருஷம் வந்த நம் படத்திலும் நல்லவனுக்கே ஜயம். நாம் விட்டுவிட்டு வந்தது அந்தக் கசப்பை.

கூடவே பிரான்ஸையும் விட்டுவிட்டோம். பாஸ்டில் சிறையும் காலியான கஜானாவும் உள்ள ஒரு நாடு, சரித்திரத்தில் இல்லாத ஏதோ ஒரு தூர தேசமாயிற்று. ஏன் தூர தேசம்? நான் இதை ஆலத்தியூரிலிருந்து எழுதுகிறேன். இங்கிருந்து பெரம்பலூர் போய் வடக்கே திரும்பினால் வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிக் கோட்டை. 1751இல் அங்கே சண்டை நடந்தது. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர்: சந்தா சாகிப், முகமது அலி. ஒருவர் பின்னால் பிரெஞ்சுக்காரன், மற்றவர் பின்னால் ஆங்கிலேயன். கடைசியில் பட்டம் முகமது அலிக்கு. 1801இல் கர்நாடகம் கம்பெனிக்கு. யார் உட்கார்ந்தாலும் நாற்காலி வேறொருவனுடையதாக இருந்த கதை, காலடியிலேயே கிடந்தது.

'யுத்த காலம், வெள்ளைக்காரன் தணிக்கை, வேறு என்ன செய்திருக்க முடியும்?' என்பார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் கே. சுப்ரமணியம் 'தியாகபூமி' எடுத்தார். அது எந்தத் தூர தேசத்திலும் நடக்கவில்லை. அரசாங்கம் தடை செய்தது. விலை கொடுக்கத் துணிந்தவர்களும் இருந்தார்கள் என்பதே இதற்கு அர்த்தம்.

சின்னப்பாவின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாடகக் கம்பெனியில் பழகிய உடம்பு, சொந்தக் குரலில் பாட்டு. அவர் தன் வேலையைச் செய்தார். என் சண்டை அந்தப் படம் பழக்கிவிட்ட நம்பிக்கையோடு. மோசமான ராஜாவுக்கு மருந்து, அதே முகமுள்ள நல்ல ராஜா. சிம்மாசனத்தைத் தொட வேண்டாம். ஆளை மாற்றினால் போதும்! 1958இல் அதே கதை சிவாஜி கணேசனோடு திரும்பி வந்தது. அதே வருஷம் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்'. அது மக்களாட்சி பேசிற்று; ஆனால் பேசுவதற்கு அதற்கும் ஒரு ராஜாவின் முகம் வேண்டியிருந்தது. 1977இல் எம்.ஜி.ஆர். கோட்டைக்கே போனார். இதெல்லாம் வெறும் தற்செயல் என்கிறவர்களோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாட நான் தயார்.

இரட்டை வேஷம் என்றால் இரண்டு முகம் காட்டுவது என்று நாம் எண்பது வருஷங்களுக்கு மேலாக நம்பி வருகிறோம். காட்டியது ஒரே முகத்தைத்தான். பிலிப் மறுபடியும் சிறைக்குப் போகிற படத்தை ஒரு தமிழன் எடுக்கட்டும். அன்றைக்கு நம் சினிமாவுக்கு வயது வந்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.