வாரண்டி முடிந்த பிறகு உடைந்த கம்ப்யூட்டர் ஸ்டாண்டு: கம்பெனியைச் சரிசெய்ய வைக்க முடியுமா?

உங்கள் மேசையில் இருக்கும் ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டரின் திரை ஒருநாள் தலையைத் தொங்கப்போடுகிறது. நிமிர்த்தி வைக்கிறீர்கள், பத்து நிமிடத்தில் மறுபடி கவிழ்கிறது. முன்னால் இரண்டு புத்தகத்தை அடுக்கி முட்டுக்கொடுத்து மீட்டிங்கை ஓட்டுகிறீர்கள். பிராசஸர் நன்றாக இருக்கிறது, டிஸ்க் நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு புள்ளிகூட மங்கவில்லை. கெட்டுப்போனது ஸ்டாண்டு மட்டும்தான்.

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனால், சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் பதில் வரும்: "வாரண்டி முடிஞ்சிருச்சு சார். இந்தப் பார்ட் தனியா வராது, மொத்த அசெம்ப்ளியா மாத்தணும்." அவர் சொல்லும் தொகையைக் கேட்டால், அதற்கு ஒரு புது மானிட்டரே வாங்கிவிடலாமே என்று தோன்றும்.

நம்மில் பெரும்பாலானோர் திரும்பி வந்துவிடும் இடம் இது. திரும்ப வேண்டியதில்லை. வாரண்டி என்பது கம்பெனி தானாக முன்வந்து கொடுத்த ஒரு வாக்குறுதியின் காலக்கெடு. பொருளில் ஆரம்பத்திலிருந்தே குறைபாடு இருந்ததா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதிலை சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டர் ஒரு நொடியில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்வியை யாராவது கேட்டால்தான் உண்டு.

ஒரு பிளாஸ்டிக் வளையத்தின் கதை

உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு உதாரணம் இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2012 இறுதியில் மெலிந்த வடிவத்தில் 27 அங்குல ஐமேக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில், திரை நிமிர்ந்து நிற்காமல் கீழே சாய்கிறது என்று பல நாடுகளில் இருந்து புகார் கிளம்பியது. பிரித்துப் பார்த்தவர்கள் பலர் கண்டது, ஸ்டாண்டின் கீலுக்குள் உடைந்து கிடந்த ஒரு சிறிய பிளாஸ்டிக் வளையம். சில ரூபாய் பெறுமா என்பதே சந்தேகம். ஆனால் அந்த மாடலில் திரைக் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டது. கீலை எட்ட வேண்டுமென்றால் முதலில் திரையையே பிரித்தெடுக்க வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வாரண்டி ஓராண்டு. கீல் உடைந்ததோ பெரும்பாலும் அதற்குப் பிறகு. எனவே பலர் காசு கொடுத்துத்தான் சரிசெய்தார்கள். 2016-இல் நிலைமை மாறியது. 2012 டிசம்பர் முதல் 2014 ஜூலை வரை விற்கப்பட்ட 27 அங்குல ஐமேக்குகளில் இந்தக் கோளாறு வந்தால், வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து தருவதாகத் திட்டம் வந்தது. ஏற்கெனவே காசு கொடுத்துச் சரிசெய்தவர்களுக்கு அந்தப் பணம் திருப்பித் தரப்படும் என்றும் சொல்லப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரியைத்தான். பணம் திரும்ப வேண்டுமென்றால் பில் வேண்டும். தெருமுனைக் கடையில் ரசீது இல்லாமல் ஒட்டவைத்தவர்களுக்கும், 'விதி' என்று புத்தகத்தை முட்டுக்கொடுத்து விட்டுவிட்டவர்களுக்கும் திருப்பித் தர எதுவும் இல்லை. அதே கோளாறு, அதே மாடல். கையில் காகிதம் வைத்திருந்தவருக்குக் காசு திரும்பியது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(10) 'குறைபாடு' என்றால் என்ன என்று சொல்கிறது. பொருளின் தரத்தில், சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ அல்லது விற்பவர் எந்த வகையில் சொல்லியிருந்தாலும் அதன்படியோ இருக்க வேண்டிய நிலையில் இருந்து ஏற்படும் எந்தக் குறையும் குறைபாடுதான். ஒப்பந்தம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, உட்கிடையாக இருந்தாலும் போதும். இந்த வரையறையில் 'வாரண்டி காலத்துக்குள்' என்ற சொல்லே கிடையாது.

'விற்பவர் சொல்லியிருந்தாலும்' என்ற பகுதி உங்களுக்கு ரொம்ப முக்கியம். கம்பெனியின் தளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திரையை இத்தனை டிகிரி முன்னும் பின்னும் சாய்க்கலாம் என்று ஸ்டாண்டைப் பற்றி எழுதியிருப்பார்கள். சாய்த்த இடத்தில் நிற்காத ஸ்டாண்டு அந்த வாக்கை மீறுகிறது. பழைய மாடல்களின் பக்கங்கள் காணாமல் போய்விடும், இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அதற்காக, 'கேஸ் போட்டா ஜெயிச்சிடலாம்' என்று நான் சொல்லவில்லை. வாரண்டி முடிந்த பொருள் என்றால் 'இது பயன்படுத்தித் தேய்ந்தது' என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ கோளாறு இருந்தது என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். ஆணையம் தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அந்தக் கட்டணத்தை முதலில் புகார்தாரர் கட்ட வேண்டும். ஆய்வு தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது பிரிவு 38. நடைமுறையில் கூடுதல் காலம் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது.

2019 சட்டத்தில் 'தயாரிப்புப் பொறுப்பு' என்று ஒரு புது அத்தியாயமே இருக்கிறதே, அதைப் பிடிக்கலாமா? இங்கே பலர் சறுக்குகிறார்கள். அந்த அத்தியாயம் பொருளின் குறைபாட்டால் மனிதருக்கோ வேறு சொத்துக்கோ நேரும் பாதிப்புக்கு இழப்பீடு வாங்குவதற்கானது. அந்தப் பொருளுக்கே ஏற்படும் சேதத்தை 'பாதிப்பு' என்ற வரையறையிலிருந்து சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. கீல் உடைந்து திரை கவிழ்ந்து உங்கள் குழந்தையின் விரல் நசுங்கினால் அது வரும். கீல் மட்டும் உடைந்தால், நீங்கள் போக வேண்டிய வழி குறைபாட்டுப் புகார்தான். புகாரைத் தவறான தலைப்பில் எழுதி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

பில் யார் பெயரில் இருக்கிறது?

வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே கிடையாது. ஆனால் சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியிருந்தால், அது வணிக நோக்கம் ஆகாது என்று பிரிவு 2(7)-இன் விளக்கம் சொல்கிறது. ஆக, தனியாக டிசைன் வேலை பார்க்கும் ஒருவர் தன் உழைப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குள் வரும். அதையே ஜிஎஸ்டி கழிவு எடுப்பதற்காக கம்பெனி பெயரில் பில் போட்டிருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பது அந்த பில்லில்தான். கம்பெனி பெயர் என்பதாலேயே கதவு மூடிவிடாது. வாங்கியதன் பிரதான நோக்கம் லாபம் ஈட்டும் நடவடிக்கையோடு நேரடியாகப் பிணைந்ததா என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2019-இல், லீலாவதி கீர்த்திலால் மேத்தா மருத்துவ அறக்கட்டளை வழக்கில் சொல்லியிருக்கிறது. வாதாட இடம் உண்டு. ஆனால் வரிக் கழிவில் மிச்சம் பிடித்ததை வாதத்தில் இழக்க நேரலாம்.

சரி, இப்போ என்ன செய்வது?

முதலில், எதையும் கழற்றாதீர்கள். ஸ்டாண்டைக் கழற்றி வீசிவிட்டு, பின்பக்கம் வேசா துளைகள் இருந்தால் மானிட்டர் ஆர்மில் மாட்டிவிடுவது சுலபமான தீர்வுதான். எல்லா மாடலிலும் அந்த வசதி இல்லை என்பது ஒருபுறம். நீங்களே பிரித்துவிட்டால் ஆதாரம் போய்விடும் என்பது இன்னொரு புறம். திரை தானாகச் சாய்வதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து, சீரியல் நம்பரும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஜாப் ஷீட். மொத்த விவகாரமும் பெரும்பாலும் இந்த ஒற்றைத் தாளில்தான் தீர்மானமாகிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். கவுன்டரில் வாய்மொழியாக 'முடியாது' என்றால் திரும்பி வராதீர்கள். ஆய்வுக் கட்டணம் கேட்டால் கட்டிவிட்டாவது, பொருளை உள்ளே கொடுத்து ஜாப் ஷீட் வாங்குங்கள். அதில் கோளாறு என்று என்ன எழுதுகிறார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். 'பிசிக்கல் டேமேஜ்', 'கஸ்டமர் இண்டியூஸ்டு டேமேஜ்' என்று எழுதிவிட்டால், நீங்கள் கீழே போட்டு உடைத்தீர்கள் என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். வெளிப்புறத்தில் கீறலோ நசுங்கலோ இல்லையென்றால் அதையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். 'கீல் திரையின் எடையைத் தாங்கவில்லை, வெளிச் சேதம் இல்லை' என்ற ஒரு வரி போதும். எழுத மறுத்தால், அன்றைக்கே அந்த சென்டருக்கும் கம்பெனிக்கும் மெயில் அனுப்பி நடந்ததைப் பதிவு செய்யுங்கள். பிறகு நிலைமையை அறிந்த ஒரு வெளி டெக்னீஷியனிடம் தன் லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி கருத்து வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

கம்பெனிக்கு எழுதும் மெயிலில் கோபம் வேண்டாம், தேதிகள் வேண்டும். வாங்கிய தேதி, கோளாறு தெரிந்த தேதி, ஜாப் ஷீட் எண், என்ன கேட்கிறீர்கள் என்பது. 'வாரண்டியை நீட்டியுங்கள்' என்று கேட்பதைவிட, 'இந்த மாடலின் கீலில் இதே கோளாறு பற்றி உங்களுக்கு வேறு புகார்கள் வந்துள்ளனவா' என்று கேட்பது கூர்மையானது. பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அது பின்னால் உதவும். ஆன்லைனில் வாங்கியிருந்தால், இ-காமர்ஸ் விதிகள், 2020-இன்படி அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான இதில் தமிழிலும் பேசலாம். இதற்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை; புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கும், அவ்வளவுதான். ஆனாலும், கஸ்டமர் கேர் சாட்பாட்டைத் தாண்டி ஒரு மனிதர் உங்கள் கோப்பைத் திறந்து பார்க்க வைக்கும் வழி இது. 2015 டிசம்பரில் இந்த உதவி மையத்துக்கு வந்த அழைப்புகள் 12,553. 2024 டிசம்பரில் 1,55,138. ஒன்பது ஆண்டுகளில் பன்னிரண்டு மடங்கு.

கடைசிப் படி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், வீடியோ மூலம் ஆஜராகக் கேட்கலாம். பெங்களூரில் வாங்கிவிட்டு இப்போது கோவையில் வேலை பார்க்கிறீர்களா? நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் ஊரிலேயே புகார் கொடுக்க 2019 சட்டம் அனுமதிக்கிறது. பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. காலக்கெடு, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள்.

ரிப்பேர் செலவு இரண்டாயிரம், மூவாயிரம் என்றால் நான் 1915-உடன் நிறுத்திக்கொள்வேன். இருபதாயிரம், முப்பதாயிரம் என்றால் ஆணையம் வரை போவதில் அர்த்தம் இருக்கிறது. இது என் கணக்கு, உங்கள் நேரத்தின் விலை உங்களுக்குத்தான் தெரியும்.

உதிரிப் பாகம் ஏன் தனியாக வருவதில்லை?

'மொத்த அசெம்ப்ளியா மாத்தணும்' என்ற பதில்தான் ஒரு வளையத்தை ஐந்து இலக்க பில்லாக மாற்றுகிறது. இது கம்ப்யூட்டரோடு நிற்பதும் இல்லை. உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிச்சந்தைக்கு விடாமல் தடுத்ததாக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரிலேயே அதற்கான இணையதளமும் வந்தது. 2024-இல் அமைக்கப்பட்ட இன்னொரு குழு, ஒரு கருவியைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று வாங்கும் முன்பே மதிப்பெண்ணாகக் காட்டும் குறியீட்டுக்கான அறிக்கையை 2025 மே மாதம் கொடுத்தது.

அந்த அறிக்கையில் முன்னுரிமைப் பாகங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பேட்டரி, திரை, கேமரா, சார்ஜிங் போர்ட், ஸ்பீக்கர் ஆகியவற்றோடு கீலும் அதில் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அது மடித்து வைக்கும் போனின் கீல். குறியீடு முதலில் ஸ்மார்ட்போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும்தான் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். மேசைக் கம்ப்யூட்டரின் ஸ்டாண்டு அந்தப் பட்டியலில் இல்லை.

ஒரே மாடல், ஒரே கோளாறு என்று இன்னும் சிலர் உங்களுக்குத் தெரிந்தால், ஆணையத்தின் அனுமதியோடு பிரிவு 35(1)(c)-இன் கீழ் எல்லோருக்காகவும் சேர்த்து ஒரே புகாராகக் கொடுக்கலாம். அலுவலகத்தில் ஒரே நேரத்தில் ஒரே மாடலை வாங்கியவர்கள் இருப்பார்கள். அவர்கள் மேசையில் எத்தனை புத்தகம் முட்டுக்கொடுத்து இருக்கிறது என்று நாளைக்குப் பார்த்துவிடுங்கள்.