எந்த ஷேர் வாங்கலாம்?

திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "என் கணவர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஐந்து லட்சம் பாங்கில் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டும். 'பாங்கு வட்டி எந்த மூலைக்கு? நல்ல கம்பெனியாகப் பார்த்து ஷேர் வாங்கு, அக்கா' என்கிறான் தம்பி. எங்களுக்கு ஷேரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எதை வாங்கலாம்?"

தம்பி கெட்டதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை, சகோதரி. ஆனால் 'நல்ல கம்பெனி' எது என்று கண்டுபிடிப்பதில்தான் சங்கடமே இருக்கிறது. உங்கள் ஊர்ப் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் பூட்டு கள்ளச் சாவிக்குத் திறக்காது என்று பெயர். 2019-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. இருந்தும், அலிகாரிலிருந்து மலிவான பூட்டுகள் வந்து குவிந்தபின் பட்டறைகள் குறைந்துகொண்டே போயின. சரக்கில் குறையில்லை, தொழில்தான் தேய்ந்தது. கண்ணெதிரே நடக்கும் தொழிலின் கதியே இப்படியென்றால், எங்கோ இருக்கும் கம்பெனியின் கணக்கை நாம் எப்படி அறிவது?

ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் பெரிய கம்பெனிதான். 2009 ஜனவரி 7-ந் தேதி, கணக்கில் பொய் எழுதியதாக அதன் தலைவரே ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் ஷேர் விலையில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. அதை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்வது இண்டெக்ஸ் பண்டு. தேசியப் பங்குச் சந்தையின் பெரிய கம்பெனிகள் ஐம்பதைச் சேர்த்த பட்டியலுக்கு 'நிப்டி 50' என்று பெயர். அந்த ஐம்பதையும் அதே விகிதத்தில் வாங்கி வைப்பதுதான் இந்தப் பண்டின் வேலை. வருஷத்துக்கு இரண்டு முறை பட்டியலைச் சரிபார்த்து, தேய்ந்ததைத் தள்ளி வளர்ந்ததைச் சேர்க்கிறார்கள். சத்யமும் அப்போது அதில் இருந்தது. சில நாட்களில் நீக்கிவிட்டார்கள். பண்டு வைத்திருந்தவருக்கும் நஷ்டம்தான். ஆனால் ஐம்பதில் ஒன்றுதானே!

இதற்காகக் கல்யாணப் பணத்தை எடுத்துவிடாதீர்கள். 2008 ஜனவரியில் நிப்டி சுமார் 6,300-ல் இருந்தது. அக்டோபரில் 2,500 அளவுக்கு இறங்கியது. மறுபடி 6,300-ஐத் தாண்டி நிலைத்து நிற்க 2014 ஆகிவிட்டது. சந்தை ஏறும் வரை மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களா? கல்யாணச் செலவுக்கானதும், ஆறு மாத வீட்டுச் செலவுக்கானதும் பாங்கிலோ தபால் ஆபீஸிலோ இருக்கட்டும். ஏழெட்டு வருஷம் தொடத் தேவையில்லாத பணம் மிஞ்சினால், அதை மட்டும் மாதாமாதம் சிறிது சிறிதாகப் போடுங்கள். மிஞ்சாவிட்டால், இப்போதைக்கு ஷேர் நினைப்பே வேண்டாம்.

இன்னொன்று, கமிஷன். ஒட்டன்சத்திரம் மண்டியில் கமிஷன் என்னவென்று கேட்காமல் யாராவது தக்காளியை இறக்குவார்களா? இங்கேயும் கேளுங்கள். தரகர் கமிஷன் இல்லாத 'டைரக்ட்' முறை 2013 ஜனவரி முதல் இருக்கிறது. இம்முறையில் பல நிப்டி பண்டுகளின் வருஷச் செலவு நூற்றுக்குக் கால் ரூபாய்கூட ஆவதில்லை. ஒரு ரூபாய் அதிகம் போனால் என்ன என்று நினைக்காதீர்கள். ஒரு லட்சம் வருஷத்துக்கு 10 சதவிகிதம் வளர்ந்தால் இருபது வருஷத்தில் சுமார் 6,73,000 ஆகும்; 9 சதவிகிதமென்றால் சுமார் 5,60,000-தான். அந்த ஒரு ரூபாய், ஒரு லட்சத்துக்கு மேல் தின்றுவிடும்! (இது கணக்குக்காகச் சொன்னது, இவ்வளவு வளரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.)

பான் கார்டு, ஆதார், பாங்கு பாஸ் புத்தகம் இருந்தால் போதும், பண்டு கம்பெனியில் நேராகவே சேரலாம். நாமினி பெயரை மறக்காமல் எழுதுங்கள். சந்தை விழுந்த அன்று பயந்து விற்காதீர்கள்.

தம்பிக்கு மனத்தாங்கல் வேண்டாம். அஸ்திவாரமாக இது அமைந்தபின், போனாலும் வருத்தமில்லை என்கிற சிறு தொகையில் அவர் சொல்லும் ஷேரையும் வாங்கிப் பாருங்கள். கல்யாணம் நல்லபடி நடக்கட்டும்!