மூக்குப் போன வழி

கால் போன வழியில் நடக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூக்குப் போன வழியில் நடக்கிற ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்லப் போகிறேன். அவர் வேறு யாருமில்லை, என் மாமியார்தான். வயது 84.

'ஐயோ, மாமியார் புராணமா!' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது கொஞ்சம் வாசனையான புராணம்.

மாமியாருக்குக் கண்ணில் அழுத்த நோய். க்ளாகோமா என்கிறார்கள் டாக்டர்கள். பார்வையின் ஓரங்களை அரித்துக் கொண்டே வந்து, நடுவில் மட்டும் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல் விட்டு வைக்கிற பொல்லாத வியாதி. எதிரே நிற்பவளின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று சொல்லி விடுவார். பக்கவாட்டில் வரும் ஆட்டோ தெரியாது. ஆனாலும் விடியற்காலை நடையை மட்டும் விட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஆகவே துணைக்கு நான்.

மயிலாப்பூரில் எங்கள் தெருவிலிருந்து புறப்பட்டு, இரண்டு சந்து தாண்டி, கோவில் கோபுரம் கண்ணில் பட்டதும் கன்னத்தில் போட்டுக் கொண்டு, வேறு வழியாகத் திரும்பி வருவோம். ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குள் வீடு. இதில் வேடிக்கை என்னவென்றால், கண் தெரிகிற எனக்கு வழி சொல்லுகிறவர் அவர்தான்.

"புங்கம்பூ வந்துடுத்து. இன்னும் பத்து அடியிலே நடைபாதைக் கல் பெயர்ந்திருக்கும், பார்த்து வா" என்பார். கல் பெயர்ந்துதான் இருக்கும்!

அவர் மனத்தில் தெருக்களின் படம் ஒன்று இருக்கிறது. அதில் வீட்டு இலக்கமும் கிடையாது, தெருப் பெயரும் கிடையாது. மாதத்துக்கு மாதம் மாறுகிற படம் அது. பங்குனி, சித்திரையில் வேப்பம்பூவும் புங்கம்பூவும் வழிகாட்டிகள். வேப்பம்பூவைப் பச்சடியிலும் ரசத்திலும் மட்டுமே அறிந்தவர்கள் ஒரு தரம் இராத்திரி பத்து மணிக்கு மேல் மரத்தடியில் போய் நின்று பாருங்கள். அந்தக் கசப்பு மரத்திலா இந்தத் தேன் வாசனை என்று திகைத்துப் போவீர்கள். புரட்டாசியில் பவழமல்லி. ஐப்பசி பிறந்தால் மரமல்லியும் ஏழிலைப்பாலையும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

2021 மே மாதம் எங்கள் வீட்டில் கொரோனா புகுந்தது. மாமியாரை மட்டும் எப்படியோ தொடாமல் விட்டது. எனக்கு ஜுரம் நாலு நாளில் தணிந்தது. ஐந்தாம் நாள் காலை டிகாக்ஷன் இறக்கும்போதுதான் தெரிந்தது, வாசனை இல்லை. பில்ட்டரைத் திறந்து அதற்குள் மூக்கையே விட்டுப் பார்த்தேன். வெந்நீர்தான்!

பத்து நாளில் வந்து விடும் என்றார்கள். வரவில்லை. ஒரு மாதம் ஆயிற்று. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் உயிரையே இழந்தவர்கள் எத்தனை பேர்! மூக்கு வேலை செய்யவில்லை என்று அழுதால் சிரிக்க மாட்டார்களா? சாம்பாரில் பெருங்காயம் இரண்டு தரம் விழுந்தது. பால் அடி பிடித்தது. "அம்மாவுக்கு இப்பல்லாம் ஞாபக மறதி" என்றான் பிள்ளையாண்டான். அந்தப் பட்டத்தையும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக் கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்து கொண்டிருந்தேன். காற்றில் அடுப்பு அணைந்து போயிருக்கிறது. காஸ் மட்டும் வந்து கொண்டே இருந்திருக்கிறது. நான் அங்கேயே, ஆறடி தூரத்தில், நிம்மதியாகப் பூவில் நரம்பு எடுத்துக் கொண்டிருக்கிறேன்! மாமியார் தம் அறையிலிருந்து சுவரைத் தடவிக் கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். அடுப்பை மூடினார், கதவுகளைத் திறந்தார். அப்புறம் என் எதிரே வந்து நின்று, அந்தக் குழாய்ப் பார்வையால் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மூக்கு போயிடுத்தா?"

"ஆமாம்மா."

"என்னிக்கு?"

"மே மாசத்திலேருந்து."

"சொல்றதுக்கு என்னடி? எனக்குக் கண் போனதை நான் ஊரெல்லாம் சொல்லிண்டு திரியலையா?"

அன்று இராத்திரி நான் அழுதது காஸுக்குப் பயந்து என்று என் வீட்டுக்காரர் இன்னும் நினைத்துக் கொண்டிருக்கிறார். அவர் சொன்ன ஆறுதல் என்ன தெரியுமா? "கூவம் பாலத்தைத் தாண்டறப்போ உன்னை நினைச்சா பொறாமையா இருக்கு!"

டாக்டரிடம் போனோம். மூக்கின் உச்சியில், ஒரு தபால்தலை அளவு இடத்தில் வாசனை நரம்புகள் இருக்கின்றன. அந்தக் கிருமி பெரும்பாலும் கெடுப்பது நரம்பை அல்ல, அதற்குப் பக்கபலமாக இருக்கும் துணை உயிரணுக்களைத்தானாம். சமையற்காரி படுத்துக் கொண்டால் கல்யாண வீடு என்ன ஆகும்? அந்த மாதிரி. நரம்பு பிழைத்திருப்பதால் பலருக்கு வாசனை திரும்பி விடுகிறது, சிலருக்கு நாளாகிறது. மருந்து என்று பெரிதாக இல்லை, பழக்கம்தான். 2009-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹும்மல் என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட முறை அது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நாலையும் காலையும் மாலையும் மோந்து பார்க்க வேண்டும். பன்னிரண்டு வாரம். வாசனை வராவிட்டாலும், அந்த வாசனையை மனத்தில் நினைத்துக் கொண்டே மோக்க வேண்டும்.

கேட்டீர்களா! வராத விருந்தாளிக்குத் தினம் இரண்டு வேளை இலை போடுகிற வைத்தியம்.

மாமியாருக்கு இது மிகவும் பிடித்துப் போயிற்று. ஆனால் நாலு டப்பாவோடு நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. நடைக்குப் போகிறபோது ஒவ்வொரு மரத்தடியிலும் என்னை நிறுத்தி, அந்த வாசனை எப்படி இருக்கிறது என்று வாயால் வர்ணிக்கத் தொடங்கினார். என் கண்ணை அவருக்கு நான் கொடுத்தேன். அவர் மூக்கை எனக்குக் கொடுத்தார்.

இரண்டாவது சந்தில் ஒரு மகிழ மரம். "தாழம்பூ வைத்த பட்டுப் புடவைப் பெட்டியைத் திறந்தாற்போல" என்பார். விடிவதற்குள் தரையெல்லாம் பொரி கொட்டினது போல் பூ உதிர்ந்திருக்கும். உதிர்ந்த பூவின் நடுவே இயற்கையே ஓட்டை போட்டு வைத்திருக்கிறது. ஊசி இல்லாமலே கோக்கலாம். காய்ந்து பழுப்பேறிப் போனாலும் வாசனை போகாது. சின்ன வயதில் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டோமே, அந்தப் பூ.

அந்த மரத்தடிக்கு வந்தால் அவருக்குத் திருவொற்றியூர்க் கதை ஞாபகம் வந்து விடும். சங்கிலி நாச்சியாரைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில்தான் சத்தியம் செய்தார். சத்தியம் தவறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண் போயிற்று.

"அவர் பொய் சத்தியம் பண்ணினார், கண் போச்சு. நான் யாருக்கு என்ன சத்தியம் பண்ணினேன்?" என்று மரத்தைப் பார்த்தே கேட்பார். அப்புறம், "அவருக்காவது காஞ்சிபுரத்திலே ஒண்ணு, திருவாரூரிலே ஒண்ணுன்னு திரும்பி வந்தது" என்று முணுமுணுத்துக் கொண்டே நடப்பார்.

கபாலீசுவரர் கோவிலின் தல விருட்சம் புன்னை. அதன் பூவைப் பற்றிச் சொல்லும்போது, "எலுமிச்சை பிழிஞ்ச சர்க்கரைத் தண்ணி" என்று ஒரு சப்புக் கொட்டல். நாகலிங்கத்துக்கு, "கோவில் பிரசாதத் தட்டையும் புதுச் சோப்பையும் ஒண்ணா வெச்சாப்போல". இந்த நாகலிங்க மரம் நம் சிவன் கோவில்களுக்கென்றே பிறந்தது என்று நான் வெகு நாள் நினைத்திருந்தேன். தென் அமெரிக்கக் காட்டிலிருந்து வந்ததாம்! பூவை நம்பி அதன் பழத்தின் கிட்டே போய் விடாதீர்கள். பீரங்கிக் குண்டு மாதிரி இருக்கும் அந்தப் பழம் விழுந்து உடைந்தால் நாற்றம் தாங்காது. அந்த ஒரு நாள் மாமியார் மூக்கைப் பிடித்துக் கொண்டு நிற்க, நான் மட்டும் ராணி மாதிரி நடந்து போனேன்.

ஏழிலைப்பாலை அவருக்கு ஆகாது. "கல்யாணத்திலே பன்னீர் தெளிக்கிற பையன் சொம்போட நம்ம தலையிலே கொட்டினாப்போல" என்பார். எனக்கு அந்த மரத்திடம் கொஞ்சம் மரியாதை உண்டு. முன்காலத்தில் அதன் பலகையில்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுபலகை செய்தார்கள்.

கடைசியாக எங்கள் வீட்டு வாசல். அடுக்கு வீட்டு மதிலோரம் நெடுநெடுவென்று ஒரு மரமல்லி. பர்மாப் பக்கத்து மரம். நம் ஊர்த் தெருக்களில் வெகு காலமாகக் குடியேறி விட்டது. விரல் நீளக் குழலுடன் வெள்ளைப் பூ. இப்படி இரவில் மலர்கிற பூக்கள் பல வெள்ளையாக இருப்பதற்கும், அந்த நேரத்தில் வாசனையைக் கொட்டுவதற்கும் காரணம் உண்டு. அவை அழைப்பது நம்மை அல்ல, நீண்ட உறிஞ்சியுள்ள அந்துப்பூச்சிகளை. இருட்டில் சிவப்பும் நீலமும் யாருக்குத் தெரியும்? விடிந்ததும் கடை கட்டியாயிற்று, பூவெல்லாம் தரையில்.

"அது எப்படி அம்மா இருக்கும்?" என்று கேட்டேன், எனக்குத் தெரிந்ததையே.

அவர் வெகு நேரம் யோசித்தார். "வீடு வந்துடுத்துன்னு இருக்கும்" என்றார்.

செப்டம்பரில் ஒரு நாள் மூக்கில் ஏதோ ஏறியது. ஓடிப் போய் மோந்தேன். காபி! ஆனால் ரப்பர் கருகுகிற நாற்றம். திரும்பி வருகிற வாசனை முதலில் இப்படிக் கோணல்மாணலாக வருவதும் உண்டாம். மாமியார் கலந்து கொடுத்த காபியை நான் மூக்கைச் சுளித்துக் கொண்டு குடித்ததில் அவருக்கு உள்ளூர வருத்தம்தான்.

ஐப்பசி முதல் வாரம். விடியற்காலை வாசல் கேட்டைத் திறந்தேன். ஒரு நூல் மாதிரி ஏதோ வந்து போயிற்று. நின்றேன். காற்று இல்லை. மறுபடி வந்தது. கருகல் இல்லை, கோணல் இல்லை.

"என்னடி, ஏன் நிக்கறே?"

"அம்மா... மரமல்லி பூத்திருக்கா?"

அவர் பதில் சொல்லவில்லை. என் கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் இறுகியது. அன்று நாங்கள் நடைக்கே போகவில்லை.

அந்த நவம்பரில் சென்னை பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தெருவெல்லாம் வெள்ளம். மரமல்லி வலுவில்லாத மரம். பலமான காற்றுக்குக் கிளை பட்டென்று முறியும். ஒரு கிளை கீழ் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் மேல் விழுந்து ஆசனத்தை நசுக்கி விட்டது. அடுக்கு வீட்டுக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். பூ வழுக்குகிறது, கார் மேல் ஒட்டுகிறது என்று முன்பே புகார் உண்டு. 2016 டிசம்பர் வர்தா புயலில் தெருவில் மரங்கள் விழுந்து கிடந்ததையும் ஒருவர் எடுத்துச் சொன்னார். ஸ்கூட்டரில் அவர் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மேல் கிளைகளை மட்டும் கழிக்கலாமே என்று சொன்னேன். மூக்குக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன்; அத்தனை பேர் நடுவில் அது எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டது, சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. முறைப்படி அனுமதி வாங்கி, டிசம்பரில் மரத்தை வெட்டி விட்டார்கள்.

மறுநாள் நடை முடிந்து திரும்புகிறோம். நான் கேட்டைத் திறக்கக் கையை விட்டு விட்டேன். மாமியார் நிற்காமல் மேலே போய்க் கொண்டே இருந்தார். மூன்று வீடு தாண்டி ஓடிப் போய்ப் பிடித்தேன்.

"இன்னும் வரலையேன்னு பார்த்தேன்" என்றார்.

இப்போது அவர் மகிழ மரத்திலிருந்து அடி எண்ணிக் கொண்டு வருகிறார். நூற்றுப் பன்னிரண்டு. நான் வேகமாக நடந்தால் கணக்குத் தப்பி விடும்; ஆகவே அந்தச் சந்தில் எங்களுக்குள் பேச்சு கிடையாது.

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். மரமல்லி நம் ஊரில் விதை விட்டு முளைப்பது அபூர்வம். வேரிலிருந்து குருத்து விட்டுத்தான் பெருகும். 2022 வைகாசியில் மதிலுக்கு இந்தப் பக்கம், குழாயடிக்குப் பக்கத்தில், ஒரு குருத்து கிளம்பியது. வாசல் பெருக்குகிற அம்மாளிடம் அதை மட்டும் பிடுங்காதே என்று சொல்லி வைத்தோம். கீழ் வீட்டுக்காரரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பெண் அதற்கு ஒரு குச்சி நட்டுக் கட்டியிருக்கிறாள். இப்போது முதல் மாடி ஜன்னலை எட்டி விட்டது. பூப்பதற்கு ஆறேழு வருஷம் ஆகலாம் என்கிறார்கள்.

மாமியார் தினம் கேட்டைத் தாண்டும்போது அதன் தண்டை ஒரு தரம் கையால் அளந்து பார்க்கிறார். நேற்று கட்டை விரலும் நடுவிரலும் சேரவில்லையாம்.