எதிர்த்திசையில் ஒரு சுற்று

பணி ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே டாக்டர் சொல்லிவிட்டார்: "சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. தினமும் 40 நிமிடம் நடங்கள்." அன்று தொடங்கியதுதான் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் என் காலை நடை. ரயில்வேக்காரன் அல்லவா, நேரம் தவறமாட்டேன். காலை 5.45க்குப் புறப்பாடு, ஐந்து சுற்று, நேரே வீடு. வழியில் யாரோடும் நின்று பேசுவதில்லை. பேசினால் சுற்றுக் கணக்கு தவறிவிடுமே!

சென்ற ஆண்டு ஒரு நாள், நான் வழக்கமாகப் போகும் பக்கம் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியாகப் போனதில் எதிர்த்திசையில் நடக்க நேர்ந்தது. அதுவரை முதுகு மட்டுமே காட்டியவர்களெல்லாம் அன்று முகத்தோடு எதிரே வந்தார்கள்.

மாதக்கணக்கில் எனக்குச் சற்று முன்னால் ஒருவர் போய்க்கொண்டிருப்பார். தொப்பி, கால்சட்டை, கான்வாஸ் ஷூ. குஜராத்திக்காரர் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். அன்று பார்த்தால் நெற்றியில் திருநீறு! முதுகில் அது தெரியாதல்லவா? "சார் தமிழா?" என்றேன். அப்படியே நின்றுவிட்டார். கோவில்பட்டிக்காரர். மனைவி காலமானபின் மகனோடு வந்து எட்டு மாதம் ஆகிறதாம். "ரெண்டு பேரும் காலையில போனா ராத்திரிதான் வருவாங்க. களைச்சு வர்ற பிள்ளைகள்கிட்ட என்னத்தப் பேச? வாய்விட்டுப் பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா சார்?" என்றபோது அவர் குரல் கம்மியது.

எட்டு மாதமும் நான் அவர் பின்னாலேயே நடந்திருக்கிறேன்!

அன்று எனக்கு ஒரு கீமேனின் நினைவு வந்தது. டிப்ளமா முடித்து ரயில் பாதைப் பிரிவில் சேர்ந்த புதிது. தோளில் சுத்தியல், பையில் சிவப்புக் கொடி சகிதம், தமக்குரிய சில கிலோமீட்டர் பாதையை நாள்தோறும் நடந்தே சோதிப்பவர் கீமேன். போகும்போது ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பார்ப்பார், திரும்பும்போது மறுபக்கத்தை. "ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிட்டால் என்ன?" என்று கேட்டேன். அந்த மராட்டியப் பெரியவர் சிரித்தார். "சாப், நடந்து முடிப்பது வேறு, பார்த்து முடிப்பது வேறு" என்றார். நாற்பது வருடம் கழித்துத்தான் எனக்கு அது விளங்கியது.

நாம் வாழும் இந்த மண்ணிலேயே அதற்குச் சான்று உண்டு. ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்காக ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடக்கிறார்களே வார்கரி அடியார்கள், அவர்கள் ஒருவரையொருவர் 'மாவுலி' என்று அழைத்துக் காலில் விழுந்து வணங்குவார்கள். மாவுலி என்றால் தாய். விட்டலனைக் காண இன்னும் பல நாள் இருக்கும். ஆனால் கூட நடப்பவரிடம் அவனை அன்றே கண்டுவிடுகிறார்கள். நாமும் கோவிலில் பிரதட்சிணம் செய்கிறோம். சுற்றை மட்டும் எண்ணிவிட்டு, சந்நிதியில் நிற்காமல் திரும்பினால் அது என்ன வழிபாடு?

"நடை உடம்புக்கு, பேச்சு வேறு நேரத்துக்கு" என்று சிலர் சொல்லக்கூடும். டாக்டர் சொன்னதை மீறச் சொல்லவில்லை. நாலு சுற்று உடம்புக்காக வேகமாக நடப்போம். ஐந்தாவதை எதிர்த்திசையில் மெதுவாக நடந்து, வருகிறவர் முகத்தைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்வோம். ஊரையும் உறவையும் விட்டு வந்து, பிள்ளைகள் வீட்டில் பகல் முழுவதும் பேச்சுத் துணையின்றி இருக்கும் பெரியவர்கள் நம்மிடையே அநேகர். பொங்கல் விழாவுக்கு உறுப்பினர் தேடி வீடு வீடாக அலைகிறோம். அவர்களோ தினமும் நம் முன்னாலேயே நடந்துகொண்டிருக்கிறார்கள்.

கோவில்பட்டிக்காரர் இப்போது என்னை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுகிறார். சுற்றுக் கணக்கு அடிக்கடி தவறுகிறது. சர்க்கரை என்னவோ ஏறவில்லை!